கைப்பிரஸ் மேசையில் ஆடுகிறதா? அசைவு தொடங்கும் இடத்தைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய வடாற்காட்டின் தோல் ஊர்கள் 2019-க்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் பேர்ணாம்பட்டில் பெல்ட் தைக்கும் வீட்டுக்குப் போனாலும், ஆம்பூரில் செருப்பு வார் வெட்டும் கொட்டகைக்குப் போனாலும், மேல்விஷாரத்தில் கைப்பை செய்யும் மாடிக்குப் போனாலும், தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிரஸ், அதாவது கைப்பிடியை இழுத்து அடிக்கும் இரும்பு அழுத்து எந்திரம், நிற்கும். ஐலெட் (துளையின் ஓரத்தில் பதிக்கும் உலோக வளையம்) அடிக்க, பட்டன் பொருத்த, ரிவிட் இறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அவற்றில் பல, மேசையில் சரியாகப் பொருத்தப்படாமல் ஆடிக்கொண்டேதான் வேலை செய்கின்றன.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. பிரஸ் ஆடினால் அடி சமமாக விழாது, ஐலெட் பிளக்கும், தோல் வீணாகும். அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஆடும் பிரஸ்ஸை இடது கையால் பிடித்துக்கொண்டே வலது கையால் அடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், அந்த இடது கை, ஐலெட்டை அழுத்தும் இரும்பு அச்சான டைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற நினைப்பே நாளடைவில் போய்விடும். விரல் நசுங்குவது அப்படித்தான். பிடித்துக்கொள்ளத் தேவையில்லாத அளவுக்கு பிரஸ் உறுதியாக நிற்க வேண்டும். இந்தக் குறிப்பு அதற்காகவே எழுதப்பட்டது.

ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரஸ் ஒரு டன் அழுத்தம் கொடுக்கிறது என்றால் அந்த ஒரு டன்னும் மேசைக்கு வருவதில்லை. மேலிருந்து இறங்கும் தண்டு கீழ் டையை அழுத்தும்போது, அந்த விசை முழுவதையும் வளைந்த வார்ப்பிரும்பு உடலே வாங்கிக்கொள்கிறது. மேசைக்கு வருவது உங்கள் கையின் இழுப்பு மட்டும்தான். ஆனால் அந்த இழுப்பு நீண்ட கைப்பிடியின் நுனியில் விழுவதால், அடித்தட்டில் அது பல மடங்காகப் பெருகுகிறது. எனவே ஆட்டத்தைச் சரிசெய்வது என்பது, கையின் இழுப்பு தரை வரைக்கும் எங்கெங்கே வழி தவறுகிறது என்று தேடிப் பிடிப்பதுதான்.

முதலில் அசைவு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

கைப்பிரஸ்ஸுக்கும் தரைக்கும் நடுவே மூன்று சந்திப்புகள் உண்டு. அடித்தட்டு மேசைப் பலகையைத் தொடும் இடம் ஒன்று, பலகை மேசைச் சட்டத்தைத் தொடும் இடம் இரண்டு, கால் தரையைத் தொடும் இடம் மூன்று. எது அசைகிறது என்று தெரியாமல் நட்டை இறுக்கினால், அசையாத இடத்தை இறுக்கிவிட்டு அசையும் இடத்தை விட்டுவிடுவோம்.

டையைக் கழற்றிவிடுங்கள். ஒரு தடித்த தோல் துண்டையோ மரக்கட்டையையோ உள்ளே வைத்து, தண்டு பாதியில் தடைபடும்படி செய்யுங்கள். ஒருவர் வேலை செய்யும் அதே வேகத்தில் கைப்பிடியை இழுக்கட்டும். மற்றவர் குனிந்து, விரல் நுனியை முதல் சந்திப்பின் மேல் வைக்க வேண்டும். பாதி விரல் இரும்பிலும் பாதி விரல் பலகையிலும் படும்படி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். அப்படியே அடுத்த சந்திப்பு, அதற்கடுத்தது.

தனியாக இருப்பவர்கள் செய்தித்தாளின் ஒரு கீற்றை எடுத்து, அடித்தட்டின் பின் விளிம்புக்குக் கீழே நுழைத்துப் பாருங்கள். கைப்பிடி சும்மா இருக்கும்போது நுழையாத தாள், கைப்பிடியை இழுத்துப் பிடித்திருக்கும்போது நுழைந்தால், பின்பக்கம் எழும்புகிறது என்று பொருள். மேசைக் கால்களுக்குக் கீழேயும் இதே சோதனைதான்.

இழுக்கும்போது பிரஸ்ஸின் பின்பக்கம் எழும்புகிறது

அதிகமாகக் காணப்படும் கோளாறு இது. அதிகமாகத் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுவே.

கணக்கைப் பாருங்கள். கைப்பிடி நுனி மேசையிலிருந்து 48 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. நீங்கள் 15 கிலோ விசையில் உங்களை நோக்கி இழுக்கிறீர்கள். அடித்தட்டின் முன் விளிம்பிலிருந்து பின் போல்ட்டுகள் 12 செ.மீ. தள்ளி இருக்கின்றன. 15-ஐ 48-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 60. அதாவது, பின்னால் உள்ள இரண்டு போல்ட்டுகளையும் 60 கிலோ விசை மேல்நோக்கிப் பிடுங்குகிறது. பிரஸ்ஸின் சொந்த எடை இதில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. ஒவ்வொரு ஐலெட்டுக்கும் ஒரு பிடுங்கல் என்று நாள் முழுவதும் நடந்தால் மர ஸ்குரூ எப்படித் தாங்கும்?

எனவே முதலில் கீழே குனிந்து, பிரஸ் எதால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மர ஸ்குரூவாக இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள். ஸ்குரூவின் மரை மரநாரை மட்டுமே நம்பியிருக்கிறது. இழுத்து இழுத்து நார் பொடியானதும், ஸ்குரூ தானாகச் சுற்றத் தொடங்கும். துளையில் தீக்குச்சியைத் திணித்து மறுபடி முறுக்குவது நாள் கடத்தும் வேலை. பலகையை முழுவதும் துளைத்து மறுபக்கம் வரும் போல்ட்தான் வேண்டும். சிறிய பட்டன் பிரஸ்ஸுக்கு 8 மி.மீ., அதற்கு மேற்பட்ட எதற்கும் 10 மி.மீ. போல்ட். அடித்தட்டின் துளை 12 மி.மீ. போல்ட்டை ஏற்குமானால் அதையே போடுங்கள். 10 மி.மீ. போல்ட்டுக்குப் பலகையில் 10.5 அல்லது 11 மி.மீ. துளை போதும். தாராளமாக இருக்கட்டும் என்று 14-இல் துளைத்தால் பிரஸ் பக்கவாட்டில் நகர இடம் கொடுக்கிறீர்கள்.

போல்ட் இருந்தும் எழும்புகிறது என்றால் குற்றவாளி வாஷர். 10 மி.மீ. போல்ட்டோடு கடையில் கிடைக்கும் சாதாரண வாஷரின் வெளிவிட்டம் சுமார் 20 மி.மீ. பலகையின் அடியில் தொட்டுப் பாருங்கள், வாஷர் மரத்துக்குள் புதைந்து குழி விழுந்திருக்கும். அதற்குப் பதில் 50 மி.மீ. சதுரத் தகடு வைத்தால் மரத்தைத் தொடும் பரப்பு பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. அதைவிடச் சிறந்தது ஒரே பட்டைதான். 40 மி.மீ. அகலம், 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் இரண்டு துளை போட்டு, பின் போல்ட்டுகள் இரண்டையும் அதிலேயே இறக்குங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, வெல்டிங் பட்டறையில் துளைத்துக்கொண்டால் செலவு சொற்பம். நான் பொருத்தும் எந்த பிரஸ்ஸுக்கும் இந்தப் பட்டை இல்லாமல் விடுவதில்லை.

போல்ட்டின் தலை கீழே, நட்டு மேலே இருக்கட்டும். தலைகீழாகப் போடுபவர்கள் உண்டு, பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் நட்டு மேசைக்கு அடியில் இருந்தால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேலே இருந்தால் கண்ணில் படும், கையில் ஸ்பானர் இருந்தால் இரண்டு நொடியில் சரிபார்த்துவிடலாம். நட்டுக்கு மேலே இரண்டு மரை மட்டும் விட்டுப் போல்ட்டை அறுத்து, அரத்தால் முனையை மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தோலைக் கீறும்.

இன்னொரு காரணம் பிரஸ் நிற்கும் இடம். கைப்பிடி மேசையில் இடிக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காக, அடித்தட்டின் முன்பகுதியை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பொருத்துகிறார்கள். சில பிரஸ்களுக்கு அது தேவை. ஆனால் 3 செ.மீ. வெளியே நீட்டினால், புரளும் விளிம்பு 3 செ.மீ. பின்னால் வந்துவிடுகிறது. மேற்சொன்ன கணக்கில் 12 என்பது 9 ஆகும். 60 கிலோ 80 கிலோவாகும். கைப்பிடி இடிக்காத அளவுக்கு மட்டும் நீட்டுங்கள். முன் போல்ட்டுகள் பலகை விளிம்பிலிருந்து 4 செ.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் மரம் நாரோடு பிளந்துவிடும்.

நான்கு துளை உள்ள அடித்தட்டில் இரண்டு போல்ட் மட்டும் குறுக்காகப் போட்டு வைத்திருப்பதையும் பார்க்கிறேன். நான்கு துளை கொடுத்திருந்தால் நான்கும் வேண்டும்.

நட்டு அடிக்கடி தளர்ந்துவிடுகிறது

"எவ்வளவு இறுக்கினாலும் ஒரு வாரம்தான் அண்ணா, மறுபடியும் ஆடுகிறது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பெயிண்டும் ஒரு மெல்லிய தூரிகையும்தான். பெயிண்ட் இல்லாவிட்டால் நகப்பூச்சு போதும், வீட்டில் யாரிடமாவது இருக்கும். நட்டை இறுக்கியதும், நட்டின் மேலிருந்து அடித்தட்டு வரை குறுக்கே ஒரு கோடு போடுங்கள். போல்ட்டின் முனை மேலும் அந்தக் கோடு போகட்டும். அடுத்த முறை தளரும்போது கோட்டைப் பாருங்கள்.

கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு உண்மையிலேயே சுற்றியிருக்கிறது. காரணம் அதிர்வு. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நட்டு போட்டு, கீழ் நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை அதன் மீது இறுக்குங்கள். பிரச்சினை அத்தோடு முடிந்தது.

கோடு விலகாமல் நேராகவே இருக்கிறது, ஆனாலும் பிரஸ் ஆடுகிறது என்றால் நட்டின் மேல் தப்பில்லை. நட்டு இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் இருக்கும் மரம் மெலிந்திருக்கிறது. இதற்கு நைலான் நட்டும் உதவாது, ஸ்பிரிங் வாஷரும் உதவாது. ஸ்பிரிங் வாஷர் இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு உரியது. அதை நேராக மரத்தின் மேல் வைத்தால் மரத்தைக் கடித்துக் குழி தோண்டும், வேறொன்றும் செய்யாது.

மரம் ஏன் மெலிகிறது? நம் ஊர்த் தட்பவெப்பம் அப்படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பிய பலகையில் நட்டை முழு பலத்தோடு இறுக்கினால், வாஷருக்குக் கீழே உள்ள நார் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய நார் திரும்ப எழுவதில்லை. பிறகு வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் பலகை காய்ந்து சுருங்கும்போது, நட்டுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. ஆட்கள் அப்போதும் இறுக்குகிறார்கள். அடுத்த மழையில் அது மறுபடி நசுங்குகிறது. இந்தச் சுழற்சியை உடைப்பது மேலே சொன்ன அகலத் தகடுதான். அழுத்தம் பரவிவிட்டால் நார் நசுங்காது. பச்சை மரத்தில் செய்த மேசையாக இருந்தால் ஒரு கோடை முழுவதும் கடந்தால்தான் நிலைக்கு வரும். அதுவரை மாதம் ஒருமுறை ஸ்பானரை வைத்துப் பாருங்கள்.

அடித்தட்டுக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் ஷீட் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சத்தம் குறையும் என்று வைக்கிறார்கள். ரப்பர் ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி எழுகிறது, நட்டு ஒருநாளும் இறுக்கமாக நிற்காது.

பிரஸ் அசையவில்லை, பலகையே வளைகிறது

பலகையின் மேல் ஒரு நேரான இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பிரஸ்ஸை இழுத்துப் பார்த்தால் தெரியும். ஸ்கேலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் வந்து வந்து போகும். 12 மி.மீ. ப்ளைவுட் இதற்குத் தாங்காது. 18 அல்லது 19 மி.மீ. பலகை இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். ஆனால் சும்மா அடுக்கி வைக்கக் கூடாது. பசை தடவி, ஓரங்களில் ஸ்குரூ போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் அடுக்கிய இரண்டு பலகைக்கு ஒரு பலகையின் இரண்டு மடங்கு விறைப்புதான். ஒட்டி ஒரே பலகையாக்கினால் எட்டு மடங்கு. செலவு ஒன்றுதான், வித்தியாசம் ஒரு டப்பா பசை. தோலை நனைத்து வேலை செய்யும் இடமாக இருந்தால் ஈரம் தாங்கும் ப்ளைவுட் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது தண்ணீரைத் தாங்கும்.

பலகையை மாற்ற வசதியில்லை என்றால் பிரஸ்ஸை இடம் மாற்றுங்கள். மேசையின் நடுவில் வைத்தால்தான் இரண்டு பக்கமும் பொருள் வைக்க வசதி என்று நடுவில் வைக்கிறார்கள். பலகை அதிகம் வளையும் இடமும் அதுவே. மூலைக்கு, காலுக்கு நேர் மேலே கொண்டுபோனால் பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். நடுவில்தான் வேண்டும் என்பவர்கள், 40 மி.மீ. எல் ஆங்கிள் இரண்டைப் பலகைக்கு அடியில் முன்னிருந்து பின்னாகப் போட்டு, முனைகளை மேசைச் சட்டத்தில் இணைத்து, பிரஸ் போல்ட்டுகளை அந்த ஆங்கிளின் வழியாகவே இறக்கலாம்.

இங்கே ஒரு தனி எச்சரிக்கை. பழைய ஃப்ளஷ் கதவை மேசைப் பலகையாகப் போட்டிருக்கும் வீடுகள் ஏராளம். அகலமாக, மழமழவென்று, தோல் விரித்து வெட்ட மிகவும் வசதியாக இருக்கும். ஆனால் பல கதவுகளின் உள்ளே மரச் சட்டங்களுக்கு நடுவே வெற்றிடம்தான். விரல் மடக்கித் தட்டினால் டொக் டொக்கென்று ஒலிக்கும் இடத்தில் நட்டை இறுக்கினால், மேல் ஏடும் கீழ் ஏடும் ஒன்றை நோக்கி ஒன்று உள்வாங்கும். எவ்வளவு இறுக்கினாலும் இறுகிக்கொண்டே போவது இதற்கு அடையாளம். நட்டை நிறுத்துங்கள். போல்ட் வரும் இடத்தில் கீழ் ஏட்டை மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்து, உள்ளே சரியான கனத்தில் தேக்கு அல்லது வேப்பமரக் கட்டையைப் பசை தடவி அடைத்து, மறுநாள் துளைத்துப் பொருத்துங்கள். அல்லது கதவின் ஓரத்தில் கெட்டிச் சட்டம் ஓடும் இடத்துக்கு பிரஸ்ஸை நகர்த்துங்கள்.

மேசையோடு சேர்ந்து நகர்கிறது அல்லது முன்னால் சாய்கிறது

முன்பு போட்ட கணக்கை இப்போது தரையிலிருந்து போட வேண்டும். மேசை உயரம் 75 செ.மீ. என்றால் உங்கள் கை 123 செ.மீ. உயரத்தில் இழுக்கிறது. மேசை முன்கால்களை ஊன்றிக்கொண்டு உங்கள் பக்கம் புரளப் பார்க்கிறது. இலேசான மேசை பின்கால்களைத் தூக்கத்தான் செய்யும்.

சொந்த வீடானால் மேசையின் பின்சட்டத்தைச் சுவரோடு இணைத்துவிடுங்கள். புதிய சுவர் என்றால் விரியும் போல்ட் பிடிக்கும். வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர்களில் அது பிடிக்காது, காரை பொலபொலவென்று கொட்டிவிடும். அங்கே தரையைத்தான் நம்ப வேண்டும்.

வாடகை வீட்டில் சுவரையும் தொட முடியாது, தரையையும் தொட முடியாது. எடைதான் வழி. மேசையின் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு தட்டு அடித்து, மணல் நிரப்பிய சாக்கைப் பின்கால்களை ஒட்டி வையுங்கள். முன்கால் பக்கம் வைத்தால் பயன் இல்லை. புரளும் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்த எடை புரளுவதைத் தடுக்காது.

கால் தூக்கவில்லை, ஆனால் மேசை சாய்சதுரமாக நெளிகிறது என்றால் மூலைச் சட்டம் இல்லை என்று பொருள். பின்பக்கக் கால்களுக்கு நடுவே குறுக்குமறுக்காக இரண்டு பட்டை, இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு பட்டை. மூலைக்கு மூலை அடித்த ஒரு சாய்வுச் சட்டம் செய்யும் வேலையை நான்கு நேர்ச்சட்டங்கள் செய்யாது. டைல்ஸ் தரையில் வழுக்கினால், கால்களுக்கு அடியில் மெல்லிய கெட்டி ரப்பர் ஒட்டலாம். பிரஸ்ஸுக்கு அடியில் கூடாது என்று சொன்ன ரப்பருக்கு இங்கே இடம் உண்டு. பஞ்சு போன்ற மெத்தை ரப்பர் மட்டும் வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு

வீட்டு வேலையாகப் பட்டன் பொருத்தும் பெண்களில் பலர் தரையில் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். அவர்களுடைய பிரஸ் ஒரு சிறிய மரக்கட்டையில் அடிக்கப்பட்டிருக்கும். அது ஆடாமல் இருக்க, காலால் மிதித்துக்கொண்டோ முழங்காலால் அழுத்திக்கொண்டோ வேலை நடக்கும். மாலையில் இடுப்பு வலி, முழங்கால் வலி.

இதற்கு விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. அரிவாள்மணையில் ஏன் நீளமான பலகை வைத்தார்கள்? உட்காரும் ஆளின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். பிரஸ்ஸுக்கும் அதையே செய்யுங்கள். 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனத்தில் ஒரு பலகை. ஒரு முனையில் பிரஸ், மறுமுனையில் மடித்த சாக்கோ மெல்லிய மெத்தையோ போட்டு உட்காரும் இடம். இழுக்கும்போது பிரஸ் நம் பக்கம் சாய முயன்றால், நம் எடையே பலகையைத் தரையில் அழுத்திப் பிடிக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பலகைக்குக் கீழே வரும் போல்ட் தலைகள் தரையில் முட்டாதபடி, இரண்டு குறுக்குக் கட்டைகளை அடியில் அடித்து உயர்த்திக்கொள்ளுங்கள். கைப்பிடி மேலே இருக்கும்போது தோளுக்கு மேல் கை போகக் கூடாது. போனால் உட்காரும் முனையில் இன்னொரு பலகை வைத்து ஆளை உயர்த்துங்கள்.

ஐலெட் ஒரு பக்கமாகப் பிளக்கிறது

இது பிரஸ் பொருத்தியதில் உள்ள கோளாறாகவும் இருக்கலாம், டையின் கோளாறாகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. நான்கு நட்டுகளையும் முழுவதும் தளர்த்திவிட்டு, ஒருவர் அடித்தட்டைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்க, மெதுவாக ஓர் ஐலெட் அடித்துப் பாருங்கள். பிடிப்பவரின் கை பின் விளிம்பிலேயே இருக்க வேண்டும், தண்டின் பக்கம் வரக் கூடாது. அப்போதும் பிளந்தால் டை தேய்ந்திருக்கிறது அல்லது தண்டு அதன் குழியில் ஆடுகிறது. மேசையை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். தளர்த்தியபோது சரியாக விழுந்து, இறுக்கினால் பிளக்கிறது என்றால், சமமில்லாத பலகையின் மேல் இறுக்கி அடித்தட்டையே முறுக்கியிருக்கிறீர்கள்.

எந்த மூலையில் இடைவெளி என்று பாருங்கள். மூன்று நட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு, நான்காவது மூலையின் கீழ் தாளை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த மூலையில் இடைவெளியை அடைக்க மெல்லிய சக்கை கொடுக்க வேண்டும். மடித்த அட்டை வேண்டாம், ஒரு வாரத்தில் நசுங்கிவிடும். பழைய எக்ஸ்ரே படம் மிகவும் ஏற்றது. ஏறக்குறைய 0.2 மி.மீ. கனம், நசுங்காது, கத்தரிக்கோலால் வெட்டலாம். இந்த ஊரில் எக்ஸ்ரே உறை இல்லாத வீடும் குறைவு. மருத்துவருக்கு இனித் தேவைப்படாத படம்தானா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு, போல்ட் நுழையும் துளையோடு சதுரமாக வெட்டி, தேவையான அளவு அடுக்குங்கள். பிறகு நட்டுகளைச் சுற்றி வரிசையாக இறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சுற்றும் பிரஸ் மேசையில் மெல்லத் திரும்புகிறது

குண்டு வைத்த கையைச் சுழற்றி அடிக்கும் ஃப்ளை பிரஸ்ஸின் கோளாறு வேறு மாதிரி. இதில் எதுவும் எழும்பாது. சுழன்று வந்த குண்டு சட்டென்று நிற்கும்போது அதன் சுழற்சி பிரஸ்ஸின் உடலுக்குள் போகிறது, உடல் அதே திசையில் திரும்பப் பார்க்கிறது. போல்ட்டுகள் இழுபடுவதில்லை, பக்கவாட்டில் இடிபடுகின்றன. எனவே துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து போகும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. அடித்தட்டின் நான்கு பக்கமும் ஒட்டியபடி கோண இரும்பு வைத்து, அதை மேசையில் தனியாகப் போல்ட் செய்தால் திரும்ப இடம் இருக்காது. கனமான ஃப்ளை பிரஸ்ஸை மரமேசையில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. தரையில் ஊன்றிய இரும்பு ஸ்டாண்டுதான் அதற்கு இடம்.

கடப்பா கல் மேடையில் பொருத்தலாமா?

வேண்டாம். சமையல் மேடைக்கும் அலமாரிக்கும் போடும் அந்தக் கறுப்புக் கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. போல்ட் துளையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடும், பிறகு ஒருநாள் முழுத் துண்டாக விழும், பிரஸ்ஸும் காலில் விழும். மேடை மட்டுமே இருக்கிறது என்றால், கல்லின் மேல் 19 மி.மீ. பலகை, கல்லுக்கு அடியிலும் ஒரு பலகை வைத்து, விளிம்புகளில் சி கிளாம்ப் கொண்டு கல்லை நடுவில் அணைத்துப் பிடியுங்கள். பிரஸ்ஸை மேல் பலகையில், போல்ட் தலைகளைப் பலகைக்குள் புதைத்துப் பொருத்துங்கள். பட்டன் பிரஸ்ஸுக்கு இது போதும், அதைவிடப் பெரியதற்குப் போதாது.

துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது

பிரஸ்ஸை 5 செ.மீ. நகர்த்திப் புதிய துளை போடுவது எல்லாவற்றிலும் எளிது. நகர்த்த இடமில்லை என்றால், தேய்ந்த துளையை 25 மி.மீ. வட்டமாகப் பெரிதாக்கி, அதே அளவில் கடைந்த தேக்குக் கட்டையைப் பசையோடு அடித்து இறக்கி, ஒருநாள் காயவிட்டு நடுவில் துளையுங்கள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது பார்வைக்கு மட்டுமே.

அடித்தட்டின் காதில் விரிசல்

போல்ட் நுழையும் காதுப் பகுதியைத் துணியால் துடைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் வெளியே கசிந்து, தூளில் ஒரு கோடாக நனைந்து தெரியும். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, நேராக உடையும். சமமில்லாத இடத்தில் நட்டை மிதித்து இறுக்கியதுதான் பெரும்பாலும் காரணம்.

சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஒட்டிக் கொடுப்பவர்களிடம் இதைக் கொடுக்காதீர்கள். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். வார்ப்பிரும்புக்கு உரிய நிக்கல் ராடு வைத்து, முன்கூட்டிச் சூடாக்கி, மெல்ல ஆறவைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் ஒட்டலாம். கிடைக்காவிட்டால் உடைந்த காதை நம்ப வேண்டாம். 10 மி.மீ. கனத் தகட்டை அடித்தட்டின் மேல் குறுக்கே போட்டு, அதன் இரு முனைகளையும் பலகை வழியாகக் கீழே இறக்கிப் பிடிக்கலாம், தகடு டைக்கும் தண்டுக்கும் வழிவிட வேண்டும். விரிசல் காதைத் தாண்டி வளைந்த உடலுக்குள் ஓடியிருந்தால் அந்த பிரஸ்ஸில் இனி ஓர் ஐலெட்கூட அடிக்காதீர்கள். கைப்பிடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, உடலை எடைக்குப் போடுங்கள்.